கேஎல் 70 டீசல் வண்டி: ஸ்ரீநகருக்குக் கொண்டு போறதா, இங்கயே வித்துட்டுப் போறதா?

வேலந்தாவளம்_82

எல்லாருக்கும் வணக்கங்க. வர்ற அக்டோபர்ல ஸ்ரீநகருக்கு மாற்றல். பொதுத்துறை வங்கி, மூணு வருசம். ஸ்ரீநகர் டவுனுக்குள்ளயா, குல்மார்க் போற வழியில இருக்கற தங்மார்க் பக்கமான்னு அங்க போய்ச் சேர்ந்தாத்தான் தெரியும்.

வண்டி 2018 மாடல் டீசல் ஹேட்ச்பேக், முன்சக்கர இழுவை, பாலக்காடு மாவட்டம் சித்தூர் ஆர்டிஓ ரிஜிஸ்ட்ரேசன். 82,000 கிலோமீட்டர் ஓடியிருக்குது. லோன் முடிஞ்சுது. டயர் 165/80 ஆர்14, பட்டன் அஞ்சு மில்லி இருக்குது. பேட்டரிக்கு மூணு வயசு. ஆயில் 15டபிள்யூ-40. கூலண்ட் கடைசியா 2021-ல மாத்தினது. நடுவுல குறையறப்பல்லாம் வீட்டு போர்வெல் தண்ணிதான். ஹீட்டர்னு ஒண்ணு வண்டியில இருக்கறதையே இப்பத்தான் கவனிக்கறேன்.

ஓட்டிட்டோ கேரியர்ல ஏத்தியோ கொண்டு போறதா, வித்துட்டு அங்க ஒண்ணு வாங்கறதா, வீட்டுச் செட்டுல மூடிப் போட்டுட்டுப் போறதா? நமக்குத் தெரிஞ்ச பனியெல்லாம் மார்கழிக் காலையில வயல் மேல நிக்கறதுதான். விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மீனாட்சிபுரம்_பட்டறை

பனி எத்தனை நாள் பெய்யுதுன்னு பார்த்து முடிவு பண்ணாதீங்க. ராத்திரிக் குளிரைப் பாருங்க. ஸ்ரீநகர் டவுனுக்குள்ள ரோட்டுல பனி கனமா நிக்கற நாள் குறைச்சல்தான். ஆனா டிசம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் ராத்திரி பூஜ்யத்துக்குக் கீழ போறது சாதாரணம். டிசம்பர் 21-ல தொடங்கற நாப்பது நாளை அங்க சில்லாய் கலான்னு சொல்வாங்க. அப்ப மைனஸ் 5 சர்வ சாதாரணம், சில ராத்திரி மைனஸ் 7, 8. வெளிய பெய்யற பனி வண்டியை ஒண்ணும் பண்ணாதுங்க. வண்டிக்குள்ள இருக்கற தண்ணி உறையறதுதான் கொல்லும்.

உங்க வண்டியில முதல் ஆபத்து கூலண்ட்தான். தண்ணி உறைஞ்சா கனஅளவு 9 சதவீதம் கூடும். அந்த விரிவுக்கு இடம் இல்லைன்னா ரேடியேட்டர் குழாய் பிளக்கும், இல்லைன்னா இன்ஜின் பிளாக்கே விரிசல் விடும். பிளாக்கு போச்சுன்னா வண்டியோட பாதி விலை போச்சு. கூலண்ட்ல உறையாம காக்கற சரக்கு எத்திலீன் கிளைக்கால். அதுவும் தண்ணியும் பாதிக்குப் பாதி இருந்தா மைனஸ் 36, 37 வரைக்கும் உறையாது. மூணுல ஒரு பங்குன்னா மைனஸ் 17 கிட்ட. அதுக்காகச் சுத்தமான கிளைக்காலை மட்டும் ஊத்தினா நல்லதுன்னு நினைச்சுடாதீங்க, அது மைனஸ் 13 கிட்டயே உறையும். 60 சதவீதத்துக்கு மேல போக வேண்டியதே இல்ல.

இப்ப கணக்கு. மொத்தம் ஆறு லிட்டர் கொள்ளும்னு வெச்சுக்குவோம் (சரியான அளவு கையேட்டுல இருக்கும்). கீழ் ஹோஸைக் கழட்டி விட்டா நாலு லிட்டர்தான் வெளிய வரும். மீதி ரெண்டு லிட்டர் பிளாக்குலயும் ஹீட்டர் கோர்லயும் (கேபினுக்குச் சூடு தர்ற குட்டி ரேடியேட்டர்) தங்கிடும். அலசினதுக்கப்பறம் அந்த ரெண்டு லிட்டரும் வெறும் தண்ணி. அது மேல கடையில விக்கற ரெடிமிக்ஸ் நாலு லிட்டரை ஊத்தினா கிளைக்கால் ரெண்டு லிட்டர்தான், அதாவது 33 சதவீதம். டப்பாவுல மைனஸ் 37-ன்னு போட்டிருக்கும், உங்க ரேடியேட்டர்ல மைனஸ் 17-தான் நிக்கும். ஸ்ரீநகருக்கு அது போதும், ஒரு தடவை லடாக்குல இருக்கற திராஸ் பக்கம் போனீங்கன்னா போதாது. அதனால கலக்காத கான்சன்ட்ரேட் வாங்குங்க. முதல்ல அதுல மூணு லிட்டர், அப்பறம் டிஸ்டில்டு வாட்டர் ஒரு லிட்டர். கணக்கு நேராயிடும்.

அலசறது இப்படி: இன்ஜின் ஆறினப்பறம் மூடியைத் திறந்து, ஹீட்டரை முழுச் சூட்டுல வெச்சு, கீழ் ஹோஸைக் கழட்டுங்க. திரும்ப மாட்டி, டிஸ்டில்டு வாட்டர் ஊத்தி, ரேடியேட்டர் ஃபேன் சுத்தற வரைக்கும் ஓட விட்டு, ஆற விட்டுக் கொட்டுங்க. வர்ற தண்ணி தெளியற வரைக்கும் இதையே பண்ணோணும். நம்ம பக்க போர்வெல் தண்ணிக்கு ரெண்டு தடவை பத்தாது. மூணு, நாலு ஆகும். அந்த உப்புப் படிவு ஹீட்டர் கோரோட சின்னக் குழாயிலதான் போய் ஒட்டும், அங்கதான் உங்களுக்குச் சூடே வரோணும். நிறத்தை நம்பாதீங்க. பச்சை, சிவப்பு, நீலம் எல்லாம் சாயம்தான். கையேட்டுல சொன்ன வகையைப் போடுங்க. ரெண்டு வகை கலந்தா கூழ் மாதிரி திரண்டு அடைச்சுக்கும். கடைசியா ரிஃப்ராக்டோமீட்டர்ல ஒரு சொட்டு விட்டுப் பாருங்க, எந்த டிகிரி வரைக்கும் தாங்கும்னு அதுலயே தெரியும்.

இந்த வேலையை அங்க போய்ப் பண்ணிக்கலாம்னு தள்ளாதீங்க. செப்டம்பர்லயே இங்க முடிங்க. கிளைக்கால், தண்ணி கசியாத இடுக்குலயும் கசியும். பழைய ஹோஸும் கிளாம்பும் தாங்குதான்னு ஒரு மாசம் ஓட்டிப் பார்த்துட்டு ஏத்தறதுதான் புத்தி.

ரெண்டாவது பேட்டரி. நம்ம வெயில்லதான் அது தேயறது. ஆனா வெளிய தெரியறது அங்க டிசம்பர்லதான். மைனஸ் 18-ல லெட் ஆசிட் பேட்டரி கிட்டத்தட்ட பாதிச் சக்திதான் தரும். அதே நேரம் ஆயில் கெட்டியாகி ஸ்டார்டர் கூடுதலா இழுக்கும். ராத்திரி நின்ன வண்டியில காலையில வோல்ட் பாருங்க: 12.6 இருந்தா முழுசு, 12.2 இருந்தா பாதி. ஸ்டார்ட் பண்றப்ப 9.6-க்குக் கீழ விழுந்தா மாத்திடுங்க. மூணு வயசுப் பேட்டரியைக் கொண்டு போறதே வீண். வாங்கறப்ப ஆம்பியர்-அவர் மட்டும் பார்க்காம சிசிஏ எண்ணைக் கேளுங்க. மைனஸ் 18-ல முப்பது செகண்டு எத்தனை ஆம்பியர் தரும்ங்கறது அதுதான். முழு சார்ஜ்ல இருக்கற பேட்டரி எந்தக் காஷ்மீர்க் குளிர்லயும் உறையாது. முழுசா இறங்கினது மைனஸ் 7, 8-லயே உறையும். உறைஞ்ச பேட்டரிக்கு ஜம்ப் போடவே கூடாது, வெடிக்கும்.

மூணாவது குளோ பிளக், அதாவது ஸ்டார்ட் பண்றப்ப சிலிண்டரைச் சூடாக்கற பிளக். இங்க காலையில 25 டிகிரி இருக்கறப்ப நாலுல ஒண்ணோ ரெண்டோ செத்திருந்தாலும் இன்ஜின் எடுத்துக்கும், உங்களுக்குத் தெரியாது. மைனஸ் 5-ல எடுக்காது. வயரைக் கழட்டி மல்டிமீட்டர்ல ஓம்ஸ் பாருங்க. ஒண்ணு, ரெண்டு ஓம்ஸுக்குள்ள காட்டினா நல்லது. ஒண்ணுமே காட்டலைன்னா செத்தது. மாத்தறதா இருந்தா நாலையும் சேர்த்து மாத்துங்க. ஒண்ணைக் கழட்டறப்ப ஒடிஞ்சு ஹெட்டுக்குள்ள மாட்டிக்காம இருக்க, இன்ஜின் சூடா இருக்கறப்பவே மெதுவாத் திருகோணும்.

ஆயில் 5டபிள்யூ-30 அல்லது 5டபிள்யூ-40-க்கு மாறுங்க, கையேடு எதை ஒத்துக்குதோ அது. 15டபிள்யூ ஆயில் மைனஸ் 8-ல கல்லாயிடும்னு சொன்னா அது பொய். அதைச் சோதிக்கறதே மைனஸ் 20-லதான். ஆனா டர்போவுக்கு ஆயில் போய்ச் சேர நேரமாகும், ஸ்டார்டருக்கும் பாரம்.

டவுனுக்குள்ள போஸ்டிங், வீட்டுல மூடின இடத்துல நிறுத்த வழி. இந்த ரெண்டும் இருந்தா வண்டியைக் கொண்டு போங்கன்னுதான் சொல்வேன். இதுல ஒண்ணு இல்லைன்னாலும் யோசிக்கோணும்.

கஞ்சிக்கோடு_லாரி

டீசல் உறையும்னு பயப்படாதீங்க தம்பி. நூறுக்கு இருபது மண்ணெண்ணெய் கலந்துட்டா போதும், உறையாது. பனியில டயர்ல காத்தைப் பாதியாக் குறைச்சுட்டா நல்லாப் பிடிக்கும். இவ்வளவு செலவெல்லாம் வேண்டியதில்ல.

மீனாட்சிபுரம்_பட்டறை

அண்ணா, பழைய லாரி பம்புக்கு அது சரி. இது காமன் ரெயில், எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாய்ல இருந்து அதிக அழுத்தத்துல டீசல் போற வகை. பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் டீசல்தான் மசகு. மண்ணெண்ணெய்ல அந்த வழவழப்பு கிடையாது. உரசி வர்ற இரும்புத் துகள் ரெயில்ல போய், நாலு இன்ஜெக்டரையும் சேர்த்துக் கெடுக்கும்.

டீசல்ல உறையறது அதுல இருக்கற மெழுகு. முதல்ல கலங்கும், அப்பறம் ஃபில்டரை அடைக்கும், வண்டி ஸ்டார்ட் ஆகி ரெண்டு நிமிசத்துல நின்னு போகும். இந்தியத் தரநிர்ணய அமைப்போட (பிஐஎஸ்) தரப்படி ஃபில்டர் அடைக்கற வெப்பநிலை கோடை டீசலுக்கு 18 டிகிரி வரைக்கும் போகலாம், குளிர்கால டீசலுக்கு 6 டிகிரி வரைக்கும். நம்ம பம்புல வர்றது நம்ம ஊர் வெயிலுக்கு ஏத்தது. அதனால வைத்தியம் சுலபம்: இங்கத்த டீசலோட அங்க குளிர்காலத்துல நிக்காதீங்க. கேரியர்ல ஏத்தறப்ப கால் டேங்குக்கு மேல வேண்டாம். போய் இறங்கினதும் அங்க பம்புல நிரப்பி நூறு கிலோமீட்டர் ஓட்டினா ஃபில்டர்ல இருக்கறதும் மாறிடும். லடாக்குக்குன்னே மைனஸ் 33 வரைக்கும் ஓடற குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் 2019 நவம்பர்ல இறக்கிச்சு. லே பக்கம் போகாத வரைக்கும் அது உங்களுக்குத் தேவைப்படாது.

புது டீசல் ஃபில்டர் போட்டுட்டுப் போங்க. ஃபில்டர் அடியில இருக்கற திருகைத் தளர்த்தி, தேங்கின தண்ணியை மாசம் ஒரு தடவை வடிச்சுடுங்க. பூஜ்யத்துக்குக் கீழ போனா அந்தத் தண்ணியும் உறைஞ்சு அடைக்கும். அங்க ஓட்டறப்ப டேங்கை அரைக்குக் கீழ விடாதீங்க. காலி இடத்துல காத்து ஈரம் கட்டும்.

காத்து விசயத்தைப் புளியரை அண்ணாச்சி பார்த்துக்குவார்.

புளியரை_வளைவு

டயரில் காற்றைக் குறைப்பது மணலுக்கும் இளகின பனிக்கும் சரி. வண்டிகள் மிதிச்சு இறுகின பனியிலயும் ஐஸிலயும் ஒரு பிரயோசனமும் கிடையாது. தவிர, காற்றை நீங்க குறைக்கவே வேண்டாம், குளிரே குறைச்சிரும். அஞ்சு, ஆறு டிகிரிக்கு ஒரு பிஎஸ்ஐ வீதம் இறங்கும். மத்தியானம் 34 டிகிரியில பாலக்காட்டில் அடிச்ச காற்று மைனஸ் 4-ல ஆறு பிஎஸ்ஐ கிட்டக் குறைஞ்சு நிக்கும். அங்கே காலையில், ஓட்டுறதுக்கு முன்னாடி அளந்து அடிங்க.

பிரேக் கணக்கை முதல்ல மனசுல ஏத்திக்கிடுங்க. 40 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக்கை மிதிச்சா காய்ஞ்ச தாரில் எட்டு, ஒன்பது மீட்டரில் நிக்கும். இறுகின பனியில 25 மீட்டர். ஐஸில் 60 மீட்டருக்கு மேல. கால் பிரேக்குக்குப் போற நேரம் இதில சேராது. ஏபிஎஸ் இருந்தா திருப்புறதுக்கு உதவும், தூரத்தைக் குறைக்காது. நாலுசக்கர இழுவை வண்டிக்கும் இதே தூரம்தான். ஏற்றம் ஏறுறதுக்குத்தான் அது ஒசத்தி, நிறுத்துறதுக்கு இல்லை. இது தெரியாமத்தான் பெரிய வண்டிக்காரங்க பள்ளத்தில் கிடக்காங்க.

நம்ம ஊர் டயரின் ரப்பர் ஏழு டிகிரிக்குக் கீழே இறுகிப் போகும். பட்டன் எவ்வளவு இருந்தாலும் பிடிமானம் குறையும். மலை உருவத்துக்குள்ள பனிப்பூ (ஸ்னோஃப்ளேக்) போட்ட முத்திரை பக்கவாட்டில் இருந்தாத்தான் அது சோதிச்சுப் பார்த்த பனி டயர். எம்+எஸ்-னு மட்டும் போட்டிருந்தா அது கம்பெனி தானாப் போட்டுக்கிடுறது. உங்க 14 அங்குல அளவில் பனி டயர் இந்தியாவில் தேடித்தான் பிடிக்கணும். கிடைச்சா நாலும் போடுங்க. முன்னாடி ரெண்டு மட்டும் போட்டா முன்பக்கம் பிடிக்கும், வளைவில் பின்பக்கம் வாலாட்டும். சட்டப்படி 1.6 மில்லி பட்டன் போதும், பனிக்கு நாலு மில்லிக்குக் கீழே போனா அதை டயர்னே எண்ண வேண்டாம். உங்க அஞ்சு மில்லி ஒரு சீசனுக்குத்தான் காணும்.

டயர் கிடைக்கலைன்னா சங்கிலி. முன்சக்கர இழுவை வண்டிக்கு முன் சக்கரத்தில்தான் மாட்டணும். வாங்கும்போது 165/80 ஆர்14 அளவுன்னு கேட்டு வாங்குங்க. டயருக்கு உள்பக்கம் சஸ்பென்சனுக்கு எவ்வளவு இடைவெளி இருக்குன்னு விரலை விட்டுப் பாருங்க. தடிச்ச சங்கிலி பிரேக் ஹோஸை அறுத்திரும். மாட்டி நூறு மீட்டர் உருட்டி, இறங்கித் திரும்ப இறுக்குங்க. 40-க்கு மேலே போகக் கூடாது. பனி முடிஞ்சு தார் தெரிஞ்ச உடனே கழட்டிரணும், இல்லைன்னா சங்கிலியும் டயரும் ஒண்ணா அறுந்து போகும். வேலந்தாவளத்திலேயே வீட்டு வாசல்ல நாலு தடவை மாட்டிக் கழட்டிப் பழகுங்க. விறைச்ச விரலோட இருட்டில் முதல் தடவை மாட்டுறது ஆகாத காரியம்.

தங்மார்க்ல இருந்து குல்மார்க் 13 கிலோமீட்டர் ஏற்றம். குளிர்காலத்தில் சங்கிலியோ நாலுசக்கர இழுவையோ இல்லாத வண்டியை மேலே விட மாட்டாங்க. உங்க வண்டி தரையில் இருந்து 16, 17 சென்டிமீட்டர் உயரம். பனி அரை அடியைத் தாண்டினா வயிறு பனியில் உக்காந்திரும், சக்கரத்துக்குப் பாரம் போகாது. அப்புறம் சங்கிலி போட்டும் சும்மா சுத்தும். ஆகவே தங்மார்க்னு உறுதியாச்சுன்னா இந்த வண்டியைக் கொண்டு போறது வேண்டாம். வித்துருங்க.

ஓட்டுறது: ரெண்டாவது கியரில் கிளம்புங்க. இறக்கத்தில் ரெண்டாவது கியரிலேயே விட்டு, இன்ஜினைப் பிடிச்சு இறங்குங்க. வெயில் படாத வளைவு, பாலத்து மேல்பக்கம், இந்த ரெண்டு இடத்திலும் ஈரமாத் தெரியுறது ஐஸா இருக்கும். டிக்கியில் சின்ன மண்வெட்டி, ஒரு கோணி மணலோ சாம்பலோ போட்டு வைங்க. சக்கரம் சுத்தினா அதைத்தான் முன்னாடி தூவணும், ஆக்சிலரேட்டரை மிதிக்கக் கூடாது. பின்னாடி பாரம் ஏத்தினா பிடிக்கும்னு சொல்வாங்க. அது பின்சக்கர இழுவைக்கு. உங்க வண்டிக்கு முன்பக்கத்தைத்தான் தூக்கிவிடும்.

நகரி_எல்லை

காகித விஷயத்தை யாரும் தொடவில்லை. எல்லை ஊர்க்காரர்களுக்கு இது பழகிய தலைவலி என்றாலும் சொல்லிவிடுகிறேன்.

மோட்டார் வாகனச் சட்டம் 47-வது பிரிவின்படி, வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வண்டி நின்றால் அங்கே புதுப் பதிவு எண் வாங்க வேண்டும். நீங்கள் மூன்று வருடம் இருக்கப் போகிறீர்கள், ஆகவே தப்பிக்க முடியாது. சித்தூர் அலுவலகத்தில் படிவம் 28 கொடுத்துத் தடையில்லாச் சான்று வாங்கிக்கொண்டு, அங்கே படிவம் 27 கொடுக்க வேண்டும். செலுத்தாத சலான் ஒன்று இருந்தாலும் சான்று நின்றுவிடும். கேரளத்தில் 2023 ஜூனில் இருந்து ஏஐ கேமரா சலான் போடுகிறது. உங்களுக்குத் தெரியாமலே சீட் பெல்ட் சலான் ஏதாவது கிடக்கும், பரிவாஹன் தளத்தில் இன்றே பாருங்கள். லோன் முடிந்தது என்றீர்கள். பதிவுச் சான்றில் வங்கியின் பெயரை நீக்கிவிட்டீர்களா? கடன் கட்டி முடித்தால் மட்டும் அது தானாகப் போகாது. படிவம் 35-உம் வங்கியின் சான்றும் கொடுத்து நீக்க வேண்டும்.

ஜம்மு காஷ்மீரில் வெளிமாநில வண்டிகளுக்கு 9 சதவீத வரி கேட்டு ஸ்ரீநகர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் விட்ட சுற்றறிக்கையை உயர்நீதிமன்றம் 2021 ஏப்ரலில் ரத்து செய்தது. போய் இறங்கிய மறுநாளே யாராவது வழிமறித்து வரி கேட்டால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மறுபதிவின்போது அங்கே வரி கட்ட நேர்ந்தால், கேரளத்தில் கட்டிய 15 வருட வரியில் மீதிக் காலத்துக்கு உரியதைத் திரும்பக் கேட்கலாம். புதுப் பதிவுச் சான்றின் நகலோடு சித்தூரில் விண்ணப்பிக்க வேண்டும்.

பொதுத்துறை வங்கி ஊழியர் என்பதால் பிஎச் (பாரத்) வரிசை, அதாவது மாநிலம் மாறினாலும் மறுபதிவு வேண்டாத எண், உங்களுக்குப் பொருந்தும். 2021-ல் புது வண்டிகளுக்கு வந்தது. பழைய பதிவை மாற்றிக்கொள்ளவும் பிறகு விதி திருத்தினார்கள். வரியை இரண்டிரண்டு வருடமாகக் கட்டலாம். அடுத்தடுத்து மாற்றல் வரும் வேலைக்கு இதுதான் நிம்மதி. உங்கள் அலுவலகத்தில் மாற்றிக் கொடுக்கிறார்களா என்பதை நேரில் போய்க் கேட்டுவிட்டு மற்றதை முடிவு செய்யுங்கள்.

விற்பதாக இருந்தால், காப்பீட்டின் நோ கிளெய்ம் சலுகை (இழப்பீடு கேட்காத வருடங்களுக்கான தள்ளுபடி) வண்டியோடு போகாது, உங்களோடு வரும். விற்றவுடன் காப்பீட்டு நிறுவனத்திடம் அதற்கான சான்று வாங்கினால் மூன்று வருடத்துக்குள் வாங்கும் அடுத்த வண்டிக்குச் செல்லும். பலர் இதைக் கேட்காமல் 50 சதவீதம் வரை போகும் சலுகையை விட்டுவிடுகிறார்கள்.

கேரியரில் ஏற்றினால் ஃபாஸ்டேக் கணக்கில் ஒரு கண் வைத்திருங்கள். லாரி மேல் நிற்கும் உங்கள் வண்டியின் டேகையும் சுங்கச்சாவடி படித்துப் பணம் எடுத்துவிட வாய்ப்பு உண்டு. ஏற்றும் முன் நாலு பக்கமும், கூரையும், கிலோமீட்டர் எண்ணும் தெரியப் படம் எடுத்து, ஏற்றுபவரிடம் கையொப்பம் வாங்குங்கள். போக்குவரத்துக் காப்பீடு தனியாக இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள்.

வேலந்தாவளம்_82

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. சலான் பார்த்தேன், ரெண்டு கிடக்குது! இன்னும் மூணு சந்தேகம். ஹீட்டர் வேலை செய்யுதான்னு இந்த வெயில்ல எப்படிப் பார்க்கறது? டவுன்லயே கிடைச்சு, வீட்டுல மூடின இடம் இல்லாம ரோட்டோரம் நிறுத்தற மாதிரி ஆச்சுன்னா? இங்க செட்டுல போட்டுட்டுப் போனா மூணு வருசம் தாங்குமா?

மீனாட்சிபுரம்_பட்டறை

ஹீட்டர்: இன்ஜின் சூடேறி முள்ளு நடுவுல நிக்கறப்ப குமிழை முழுச் சிவப்புக்குத் திருப்பி, ஏசியை அணைச்சு, ஃபேனை ரெண்டுல வைங்க. கை வைக்க முடியாத சூடு வரோணும். வரலைன்னா பானட்டைத் திறந்து, இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவுல இருக்கற தகட்டுக்குள்ள போற ரெண்டு ரப்பர் ஹோஸைத் தொட்டுப் பாருங்க. ரெண்டும் ஒரே சூடா இருந்தா உள்ள காத்தைத் திருப்பற தகடு சிக்கியிருக்குது. ஒண்ணு சூடு, ஒண்ணு வெதுவெதுன்னா கோர் அடைச்சிருக்குது. அடைப்பை ரெண்டு ஹோஸையும் கழட்டி எதிர்த்திசையில மெதுவாத் தண்ணி விட்டு அலசலாம். கம்ப்ரசர் காத்து அடிச்சா கோர் பொத்துக்கும். அது போச்சுன்னா டேஷ்போர்டு முழுசும் கழட்டோணும், ஒரு நாள் வேலை. அதை இங்கயே பார்த்துட்டுப் போங்க. கண்ணாடியில புகை கட்டினா உள்காத்துச் சுழற்சியை நிறுத்தி வெளிக்காத்துக்கு மாத்தி, ஹீட்டரோட ஏசியையும் போடுங்க. ஏசி ஈரத்தை எடுக்கும்.

ரோட்டோரம் நிறுத்தறது முடியாத காரியம் இல்ல, ஆனா தினமும் வேலை இருக்குது. ராத்திரி ஹேண்ட் பிரேக் போடாதீங்க. ஈரமான கேபிளும் பிரேக் ஷூவும் உறைஞ்சு ஒட்டிக்கும், காலையில சக்கரம் சுத்தாம இழுபடும். ஒண்ணாவது கியர்ல விட்டு, சக்கரத்துக்கு மரக்கட்டை வைங்க. வைப்பரைத் தூக்கி நிறுத்துங்க. வைப்பர் டேங்குல வெறும் தண்ணி ஒரு சொட்டு இருக்கக் கூடாது, டேங்கும் மோட்டாரும் விரிசல் விடும். உறையாத வாஷர் திரவத்தை அங்க வாங்கி ஊத்திக்குங்க. கதவு ரப்பர்ல சிலிக்கோன் ஸ்ப்ரே அடிச்சா ஒட்டாது. கண்ணாடி மேல இருக்கற ஐஸை பிளாஸ்டிக் சுரண்டியில எடுங்க. சுடுதண்ணி ஊத்தினா கண்ணாடி தெறிச்சுடும், நம்மாளுங்க எல்லாரும் முதல் வாரம் பண்ற தப்பு இதுதான்.

ஸ்டார்ட் பண்றப்ப குளோ பிளக் விளக்கு அணையற வரைக்கும் பொறுங்க. ரொம்பக் குளிர்னா சாவியை அணைச்சு இன்னொரு தடவை போடுங்க. பத்து செகண்டுக்கு மேல ஸ்டார்டரை இழுக்காதீங்க, எடுக்கலைன்னா ஒரு நிமிசம் விட்டு மறுபடி. எடுத்ததும் அரை மணி நேரம் ஐடில்ல போட்டுச் சூடேத்த வேண்டியதில்ல. ஒண்ணு, ரெண்டு நிமிசம் போதும், அப்பறம் முதல் அஞ்சு கிலோமீட்டர் 2000 ஆர்பிஎம்முக்குள்ள ஓட்டுங்க. முக்கியமா, பனியில நின்ன வண்டியை ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி சைலன்சர் வாயில பனி மூடியிருக்குதான்னு குனிஞ்சு பாருங்க. மூடியிருந்தா கார்பன் மோனாக்சைடு உள்ள வரும். அதுக்கு வாசமும் இல்ல, நிறமும் இல்ல.

செட்டுல மூணு வருசம் சும்மா விடறது மூணு வழியிலயும் மோசமான வழி. எலி வயரைக் கடிக்கும், பிரேக் டிஸ்க் துருப்பிடிக்கும், டயர் ஒரே இடத்துல தட்டையாகும், டீசல்ல பாசி மாதிரி வளர்ந்து ஃபில்டரை அடைக்கும். காப்பீடு முடிஞ்சு 90 நாள் தாண்டினா நோ கிளெய்மும் போயிடும். விட்டே ஆகோணும்னா மைத்துனரோ மச்சானோ யாராவது பதினைஞ்சு நாளைக்கு ஒரு தடவை இருபது கிலோமீட்டர் ஓட்டோணும். சும்மா ஸ்டார்ட் பண்ணி அணைக்கறது கணக்குல வராது. அதுல சைலன்சருக்குள்ள தண்ணி கட்டறதுதான் மிச்சம்.

புளியரை_வளைவு

அடிப்பக்கத் துருவையும் ஒருக்கா பார்த்துக்கிடுங்க. உப்பு தூவின பனி ரோட்டில் ஓடினா துரு ரொம்ப வேகமாத் தின்னும். கோட்டிங் அடிக்கிறதா இருந்தா ஏற்கெனவே இருக்கிற துருவைச் சுரண்டி, காய வச்சு, அப்புறம்தான் அடிக்கணும். துரு மேலயே தாரைப் பூசினா உள்ளே ஈரம் மாட்டிக்கிட்டு வெளியே தெரியாமத் தின்னும்.

ஓட்டிட்டே போறதா இருந்தா சேலம் போய் 44-ம் நம்பர் தேசிய நெடுஞ்சாலையைப் பிடிச்சா ஸ்ரீநகர் வரைக்கும் அதே ரோடுதான், மொத்தம் 3300 கிலோமீட்டருக்கு மேலே. ஜம்மு வரைக்கும் ஒண்ணும் பிரச்சினை இல்லை. அதுக்கு மேலே 2017-ல திறந்த செனானி–நஷ்ரி சுரங்கமும், 2021-ல வந்த பனிஹால்–காசிகுண்ட் சுரங்கமும் வேலையைக் குறைச்சிருக்கு. ஆனா நடுவில் ராம்பன் பக்கம் மழை பெய்ஞ்சா மண் சரியும், ரோடு நாள்கணக்கில் மூடும். ஜம்முவில் ஒரு நாள் கூடுதலாக் கையில் வச்சுக்கிடுங்க. பகல்லயே கடந்திருங்க.

வேலந்தாவளம்_82

டவுன் கிடைச்சா கொண்டு போறது, தங்மார்க்னா வித்துடறதுன்னு வெச்சுக்கறேன். அதுவரைக்கும் கூலண்ட், குளோ பிளக் வேலையை முடிச்சுடறேன். வித்தாலும் வீண் போகாது. கடைசியா ஒண்ணு: 5டபிள்யூ ஆயிலை இப்பவே ஊத்தினா, செப்டம்பர் வரைக்கும் நம்ம பாலக்காட்டு வெயில்ல தண்ணியாப் போயிடாதுங்களா?

மீனாட்சிபுரம்_பட்டறை

போகாதுங்க. டபிள்யூவுக்கு முன்னாடி இருக்கற எண் குளிருக்கு மட்டும். சூட்டுல எவ்வளவு கெட்டியா நிக்கும்ங்கறது பின்னாடி இருக்கற எண், அதை அளக்கறது 100 டிகிரியில. இப்ப 15டபிள்யூ-40 ஓடுதுன்னா 5டபிள்யூ-40 ஊத்துங்க, சூட்டுல ரெண்டும் ஒண்ணுதான். பேட்டரியை மட்டும் இப்ப வாங்காதீங்க, செப்டம்பர் கடைசியில வாங்குங்க. தேதி முத்திரை பார்த்து வாங்குங்க, ஆறு மாசம் கடையில கிடந்தது வேண்டாம்.